ஹுஸ்னி நானாவின் கொப்பு

ஹுஸ்னி நானா இடது பக்கம் என்று சொல்வதில்லை. "பெல் பக்கம்" என்பார். வலது பக்கம் அவருக்குப் "பெல் இல்லாத பக்கம்". உக்குவளையில் அவருடைய சைக்கிள் கடைக்கு முன்னால் நின்று யாராவது ரயில் நிலையத்துக்கு வழி கேட்டால், சுவரில் சாத்தியிருக்கும் சைக்கிளின் பிடியில் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பெல்லை வலது பக்கம் பூட்டித் தரச் சொன்னாராம். பூட்டிக் கொடுத்துவிட்டு அன்று முழுவதும் தலை சுற்றியதாக நானாவே சொல்கிறார்.

ஊருக்கு மேலேயுள்ள அரச காட்டில், மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பாதை போட்டிருப்பவர் இந்த மனிதர்தான்.

ஐம்பதை நெருங்குகிறார். தொழுகைத் தொப்பியைக் கழற்றாமல் அதன் மேலேயே ஹெல்மெட்டை மாட்டுவார். காற்சட்டையின் நுனிகளை உதைபந்தாட்டக் காலுறைக்குள் திணித்து, அட்டை ஏறாதிருக்க அதன் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்வார். மேல் பையில் டியூப் ஒட்டும் துண்டுகளும் இரண்டு பேரீச்சம்பழமும் ஒன்றாகக் கிடக்கும். பசித்தால் கையை விட்டு எடுப்பார். முதலில் வருவது பெரும்பாலும் டியூப் துண்டுதான்.

காடு பைன் மரமும் மஹோகனியும் கலந்தது. அதற்குள் முன்பே வழிகள் இருந்தன. மரம் இழுத்த தடங்கள், விறகுக்குப் போகிறவர்களின் ஒற்றையடிப் பாதைகள், பன்றி போன வழிகள். நானா மம்பட்டியோடு ஏறி அவற்றை ஒன்றோடொன்று தைத்தார். வளைவுகளுக்கு மண் அணைத்தார், மழைநீர் பாதையை அரிக்காமல் ஓட வாய்க்கால் வெட்டினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் தடித்த டயர் சைக்கிள்களோடு வந்து, உச்சியிலிருந்து கீழ் கேட் வரைக்கும் மூச்சு வாங்க இறங்குகிறார்கள். இதில் உங்களுக்கு என்ன என்று கேட்டேன்.

"கடைக்கி ஒடஞ்ச சைக்கிள் வரும், சரியாக்கிக் குடுப்பேன். அதே சைக்கிள் திரும்ப ஒடஞ்சி வரும். நான் செஞ்சி முடிச்ச வேல என்டு சொல்ல இது ஒண்டுதான் இரிக்கி."

அவருடைய மனைவி றமீஸா உள்ளேயிருந்தபடியே சேர்த்துக்கொண்டார்: "மாத்தளக்கிப் போக கண்டி பஸ்ல ஏறுற மனுசன். இவர நம்பி காட்டயே குடுத்திரிக்காங்க."

காட்டைக் கொடுத்த வன அதிகாரி நிபந்தனைகளோடுதான் கொடுத்தார். மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ட் பூசக்கூடாது, பிளாஸ்டிக் நாடா கட்டக்கூடாது. அப்படியென்றால் வழியை எப்படிக் காட்டுவது? நானா இலைக் கொப்புகளை ஒடித்துத் தவறான வழிகளுக்குக் குறுக்கே போடத் தொடங்கினார். தரையில் கொப்பு கிடந்தால் அந்த வழி பூட்டு. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதை ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள்.

போன மாதம் அது பிசகியது. கடைசியாக இறங்கிய மூன்று பேர், பாதி மலையில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சரியான வழியின் மேல் கொப்பு கிடப்பதைக் கண்டார்கள். மற்ற வழியில் திரும்பினார்கள். அது கைவிட்ட கல் குவாரிக்குப் போகிற வழி. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் பாறையில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தவர்களை ஆள் போய்த்தான் இறக்கினார்கள். இன்னொரு முறை ஒருவராவது வழி தவறினால் சைக்கிளுக்குக் கேட் திறக்காது என்று அதிகாரி சொல்லிவிட்டார். நானா வாதாடவில்லை. "நான்தான் மாறிப் போட்டிருப்பேன் மாத்தயா" என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். மாறிப் போட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மாறிப் போடக்கூடிய ஆள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு அது. கீழ் கேட்டில் அதிகாரி தானே வந்து நிற்கிறார் என்று செய்தி. உச்சியில் பத்துப் பன்னிரண்டு பேர் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானா வழி பார்ப்பதற்காகத் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். நானும் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனேன்.

பாதை பிரியும் இடத்தில் நின்றுவிட்டார். கொப்பு ஒன்று கிடந்தது. குவாரி வழியிலும் இல்லை, சரியான வழியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்தது.

"நேத்து அசர் தொழுதிட்டு வந்து இதக் குவாரிப் பக்கம் போட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "போட்டேன்தானே?" இன்னும் கொஞ்சம் யோசித்தார். "இல்லாட்டி போடணும் என்டு நெனச்சேனா?" சைக்கிள் பிடியில் கையை வைத்தார். பெல் பக்கம் சரியான வழி. அதிலே குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அந்தக் கொப்பில்தான்.

அப்போது தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து கயிறும் கத்தியுமாக ஒரு பெண் ஏறி வந்தார். மருதாயி என்று பெயர், விறகுக்குப் போகிறவர். எங்களைக் கண்டு நிற்கவுமில்லை. ஓரத்துப் புதரில் ஒரு கொப்பை ஒடித்து, சரியான வழியின் மேலே தாழ்ந்து நீண்டிருந்த மஹோகனிக் கிளையில் தொங்கவிட்டார். கைகூப்பி இரண்டு வார்த்தை முணுமுணுத்தார்.

நானா அதே புதரைப் பார்த்தார். தான் கொப்பு ஒடிப்பதும் அதில்தான்.

"அக்கா, இது என்னத்துக்கு?"

"காவலுக்குத்தான் நானா. கொப்பு போடாம காட்டுக்குள்ள போவாங்களா? சிங்கள ஆளுங்களும் போட்டுட்டுத்தான் போவாங்க. நீங்க அன்னாடம் வாறீங்க, இது தெரியாதா?"

"எப்பவும் இதே கெளயிலயா போடுற?"

"பின்ன? ஆனா போட்டது நிக்க மாட்டேங்குது. யாரோ தட்டிவுட்டுட்டுப் போறாய்ங்க. சாமிக்குப் போட்டது வழியில கெடக்கு. எந்தக் குருட்டுப் பயன்னு தெரியல."

நானாவுக்கு விஷயம் மெல்ல மெல்ல ஏறியது. அந்தக் கிளை, சைக்கிளில் நின்றபடி இறங்குகிறவரின் தோள் உயரம். முதலில் போகிறவர்கள் உரசிக்கொண்டு போகிறார்கள். தொங்கும் கொப்பு கீழே விழுகிறது. கடைசியில் வருகிறவர்கள் பார்க்கும்போது சரியான வழி பூட்டியிருக்கிறது.

"அப்ப நான் மாறிப் போடல்ல!" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். "அல்லாவே, நான் மாறிப் போடல்ல!"

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. கீழே கிடந்த கொப்பைக் கையில் எடுத்து மருதாயியிடம் நீட்டினார்.

"அப்ப இது யார்ட? என்டதா, ஒங்கடதா?"

"கொப்புல பேரா எழுதியிருக்கு?" என்று சிரித்த மருதாயி, பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வெள்ளனவே என் நாத்தனாரும் அவ மகளும் உள்ள போயிட்டாளுக. அவளுக போட்டதா இருக்கும். திரும்பி வாற வரைக்கும் அது மேலதான் இருக்கணும் நானா."

"அங்கிட்டு அந்த மரத்துல போட்டா என்ன?"

"போட்ட எடத்த விட்டு மாத்துவாங்களா? ஆளுங்க உள்ள இருக்கையில?"

உச்சியில் விசில் கேட்டது. ஓட்டிகள் புறப்பட்டுவிட்டார்கள்.

நானா கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பை முகர்ந்தும் பார்த்தார். பிறகு, தன்னுடையதாக இருந்தாலும் இருக்கட்டும் என்று அதைக் கிளையில் மருதாயியின் கொப்புக்குப் பக்கத்தில் மாட்டினார். புதரில் புதிதாக ஒன்றை ஒடித்துக் குவாரி வழிக்குக் குறுக்கே போட்டார். போட்டுவிட்டு ஓடிவந்து, சைக்கிள் பிடியைத் தொட்டு, திரும்பிப் போய்ப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

"நான் போயிட்டு வந்துர்றேன்" என்றார் மருதாயி. "விழுந்துராமப் பாத்துக்கங்க நானா." கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தார்.

முதல் சைக்கிள் வந்தது. சரளை தெறிக்க வந்தவர் தரையைப் பார்த்தார், சரியாகத் திரும்பினார், தோளால் கிளையை உரசினார். இரண்டு கொப்பும் நழுவின. நானா பாய்ந்து அவற்றைக் காற்றிலேயே பிடித்துவிட்டார். திரும்ப மாட்ட நேரமில்லை. அடுத்த சைக்கிள் வளைவில் தெரிந்தது. ஒரு கையால் கிளையை மேலே தூக்கி, கொப்புகளையும் அதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பாதை ஓரத்தில் நின்றார்.

"பெல் பக்கம்! பெல் பக்கம்!"

"பெல் எங்க இரிக்கி நானா?" என்று கத்திக்கொண்டு போனார் ஒருவர். மலைச் சைக்கிளில் ஏது பெல்? இன்னொருவர் அந்த உயர்ந்த கையைப் பார்த்துத் தானும் கையசைத்துவிட்டுப் போனார். வேறொருவர் நிற்கச் சொல்கிறாரோ என்று பிரேக் பிடித்து, நானா காலால் தரையை உதைத்து விரட்டியதும் இறங்கினார். எல்லோரும் பெல் பக்கமே போனார்கள்.

காடு அமைதியாயிற்று. நானாவின் பையில் தொலைபேசி அடித்தது. மற்றக் கையைப் பைக்குள் விட்டார். வந்தது டியூப் துண்டு. மறுபடி விட்டு எடுத்தார். கீழ் கேட்டிலிருந்து அதிகாரி பேசினார். சைக்கிள்காரர் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், ஒருவரும் தவறவில்லை, இனி கேட்டைச் சாத்தலாமா என்று சிங்களத்தில் கேட்பது எனக்கே கேட்டது.

"வேணாம் மாத்தயா" என்றார் நானா. "இன்னும் மூணு பேர் உள்ள இரிக்காங்க."

மறுமுனையில் சத்தம் உயர்ந்தது. எண்ணிப் பார்த்தேனே, யார் அந்த மூன்று பேர், எந்த வழியில் போனார்கள்?

"அவங்க சைக்கிள் இல்ல மாத்தயா..." என்று தொடங்கிய நானா, எங்கிருந்து விளக்குவது என்று தெரியாமல் நிமிர்ந்து கிளையைப் பார்த்தார். தொலைபேசி காதில் இருந்தது. தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.