கேட்டில் சோதனைக்கு நின்ற சரசு

சரசு புது வேலைக்கு வந்த முதல் நாள், விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்குக்கு நின்ற பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மலாயாவில் அவசரகாலம் அது. மந்தின் ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது என்று, பால்வெட்டுக்குக் கிளம்பும் எல்லோரையும் கேட்டில் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்கச் சிரம்பானிலிருந்து வந்த இருவர் ஏச்சு தாங்காமல் ஓடிவிட்டார்கள். பிறகு, லயத்திலேயே குடியிருந்து பால் வெட்டிய சரசுவைத் தோட்ட மேனேஜரான துரை அந்த வேலையில் போட்டார். நான் அப்போது கணக்கெழுதும் சின்னக் கிராணி. பெரட்டு முடிந்ததும் கேட்டருகே நிற்பேன்.

"சொந்த சனத்தையே தடவிப் பாக்க வந்துட்டா பாரு," என்றாள் வரிசையில் ஒருத்தி.

சரசு அவள் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். "மொதல்ல நீ என்னைச் சோதிச்சுப் பாருக்கா. அப்புறம் நான் ஒன்னையப் பாக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் தொடங்கியது.

வெயில் ஏறினால் மரத்தில் பால் சரியாக இறங்காது. கேட்டில் தாமதித்தால் கூலி குறையும். தூரத்து நிரைகளில், அதாவது மர வரிசைகளில், வெட்டுபவர்களைச் சரசு முன்னால் நிறுத்தினாள். வாளியைக் கவிழ்த்தும் தலைத்துணியை உதறியும் அவர்களே காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் கூப்பிடுவாள். பழைய ஆட்கள் எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

மரவள்ளிக்கிழங்கு

மாரியாயி சரசுவின் நாத்தனார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்கு வருபவள். ஒரு நாள் அவள் தலைத்துணியை உதறியபோது, அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு கீழே விழுந்தது. வெட்டு முடிந்து, பால் வடியும் நேரத்தில் நிரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வேலி வருவதற்கு முன் எங்கள் ஆட்களின் பழக்கம். விடியுமுன் யாருக்கும் வயிற்றில் எதுவும் இறங்காது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் உடம்பு, பசி தாங்காமல் ஒளித்து எடுத்து வந்திருந்தாள்.

கேட்டில் காவலுக்கு நின்ற போலீஸ் கார்ப்பரல் பார்த்துவிட்டார். மலாய்க்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் சட்டம். ஸ்டேஷனுக்குப் போனால் மாரியாயிக்கு ஜெயில்தான். மறைத்தால் சரசுவுக்கும் அதே.

"நாத்தனாரையே புடிச்சுக் குடுக்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சரசு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தாள். "இங்கயே தின்னு."

"தா போலே, தா போலே!" முடியாது என்று கார்ப்பரல் கையை வீசினார்.

சரசு அவரைத் 'தொவான்', ஐயா, என்று அழைத்துத் தனக்குத் தெரிந்த மலாயில் பேசினாள். "இவ கேட்டத் தாண்டிட்டாளா தொவான்? இன்னும் உள்ளதானே நிக்கிறா? வயித்துக்குள்ள போனத எவன் காட்டுக்குக் கொண்டு போவான்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாரியாயி அழுதுகொண்டே மென்றாள். வரிசை முழுவதும் காத்து நின்றது. "மெதுவா தின்னு லா, விக்கிக்கப் போவுது," என்று முதல் நாள் ஏசியவளே தண்ணீர் கொடுத்தாள். தின்று முடித்ததும் சரசு மாரியாயியைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய் மறுபடி முழுவதும் சோதித்துவிட்டுத்தான் வெளியே விட்டாள்.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். "என்ன கிராணி, கேட்ல சாப்பாட்டுக் கடையா?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அன்று தூரத்து நிரையில் பால் குறையவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பெஞ்சு போடச் சொன்னார். பிறகு, அந்நேரத்தில் சாப்பிட முடிந்தவர்கள் அதில் உட்கார்ந்து இரண்டு வாய் தின்றுவிட்டுப் போனார்கள்.

"தெனமும் இந்த வேலையை எப்படிம்மா செய்யிற?" என்று சரசுவிடம் ஒரு முறை கேட்டேன்.

"நல்லா செஞ்சா சீக்கிரம் முடியுது கிராணியாரே. மோசமா செஞ்சா அவங்களுக்கும் வெயில் ஏறுது, எனக்கும் லயத்துக்குள்ள போக மூஞ்சி இருக்காது."

வேலையில் மனம் ஒட்டவில்லை என்று இப்போது என் ஆபீஸ் பிள்ளைகள் சொல்கிறார்கள். பிடித்த வேலையா என்று சரசுவை யாரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்பவளுக்கு அன்றைய கூலியும் மானமும் மிஞ்ச வேண்டும் என்று பார்த்தாள். அடுத்த நாளும் வேலைக்கு வர அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.