எண்பது வயதில் ஒரு படகுப் பயணம்

ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஒரு நாள் முழுக்க எனக்கு எண்பது வயதாக இருந்தது. அக்காதான் அப்படி ஆக்கினாள். பர்மாவிலிருந்து ஜப்பானுக்குப் போய் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்ற காலம் அது.

முதல் நேர்காணலில் அவளைத் தள்ளிவிட்டார்கள். கிழவியாக நடித்த ஜப்பான் மொழி ஆசிரியைக்குக் கஞ்சியை ஊட்டிவிட்டாளாம். பெரியவர்களை அசையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் வேறு என்ன செய்வாள்? ஜப்பானிலோ, முடிந்ததை அவர்களே செய்யும்படி விட்டுவிட வேண்டும். விழாமல் கவனித்துக்கொண்டால் போதும்.

"சும்மா நின்னு பாக்குறது ஒரு வேலையா?" என்றாள் அம்மா.

"அதுதாம்மா கஷ்டம்" என்றாள் அக்கா.

அடுத்த நேர்காணலில் நடித்துக் காட்ட ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். இல்லத்து மூதாட்டி ஒருத்தியைக் குராஷிகி என்னும் பழைய கால்வாய் நகரத்துக்கு ஒருநாள் சுற்றுலாவாக அழைத்துப் போய்வர வேண்டும். புத்தகத்தில் படம் இருந்தது. கால்வாய், அதில் தாழ்வான படகு, கரையோரம் அந்தக் காலத்துக் கிடங்குகள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம போட்டாதாங் படகுத்துறை மாதிரில்ல இருக்கு" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். ஒத்திகைக்குக் குராஷிகி போட்டாதாங், மூதாட்டி நான்.

மறுநாள் காலையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எனக்கு மாட்டினாள். முழங்கால் மடங்காதபடி இரண்டு துண்டுகளை இறுகச் சுற்றினாள். கைத்தடிக்குக் குடை. எங்கள் வீடிருந்த தின்கன்ஜூனிலிருந்து போட்டாதாங்குக்குப் பஸ்ஸில் போனபோது, என்னைப் பார்த்து மனமிரங்கி ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆற்றங்கரைக் கிடங்குகளைக் காட்டி அக்கா ஜப்பான் மொழியில் விளக்கிக்கொண்டே வந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா விற்கும் கடையில் கண்ணாடி வழியே கிண்ணம் இரண்டாகத் தெரிந்தது. குழம்பு சட்டையில் கொட்டியது. அவள் துடைத்துவிடவில்லை. அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால் எனக்குத் தலை பின்னுவதிலிருந்து மீனில் முள் எடுப்பது வரை எல்லாம் செய்தவள் அவள். அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

படகில் கரையோரமாக ஒரு சுற்றுப் போய்த் திரும்பினோம். இறங்குவதற்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். அக்கா முதலில் இறங்கித் திரும்பி நின்றாள். நான் கையை நீட்டினேன். அவளும் நீட்டினாள், ஆனால் தொடவில்லை. ஒரு சாண் தள்ளியே கையை வைத்திருந்தாள்.

படகுக்காரப் பெரியவர் பதறி என்னைப் பிடிக்க வந்தார். "பிடிக்காதீங்க மாமா, அவங்களே வருவாங்க" என்று பர்மிய மொழியில் அவரைத் தடுத்தாள்.

"பிள்ளை விழுந்துடும்மா" என்றார் அவர்.

"விழ விடமாட்டேன்."

நான் அழுதேன், திட்டினேன். பலகை ஆடியது. அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல் குடையை ஊன்றி, கட்டையாக நின்ற காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கடைசி அடியில் ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறினேன். நிமிர்ந்தால் அக்காவின் கண் கலங்கியிருந்தது. நாம்தான் நன்றாகப் பயமுறுத்திவிட்டோம் என்று எனக்குத் திருப்தி. வீடு வரை அவளோடு பேசவில்லை.

இரவு அம்மாவிடம், "அக்காவுக்கு எம்மேல பாசமே இல்ல" என்று புகார் சொன்னேன். அம்மா என் முழங்காலில் இருந்த துண்டின் தடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது; ஜப்பானுக்குக் கிளம்பிப் போனாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று நானே தலை பின்னிக்கொண்டேன். வகிடு கோணலாக வந்தது. அவளுக்கு அது பிழைப்புக்கான ஒத்திகை என்றுதான் அப்போதும் நினைத்திருந்தேன். அந்தப் பலகைமேல் அவள் எனக்கும் எதையோ பழக்கிவிட்டுப் போனாள் என்று அன்று தெரியவில்லை.