கிரெம்போக்குக்கு வந்த சண்டை

வேல்ஸில் படிக்கும் மகள் வீடியோ காலில், வெண்ணெய் உருகும் அப்ப அடுக்கைக் காட்டினாள்.

"இங்க இதுக்குப் பேரு கிரெம்போக்கும்மா. பிரான்ஸ் பக்கம் பிரிட்டானியிலயும் ஏறக்குறைய இதே சொல்லுதான். எந்த ஊரு சொல்லு முதல்லன்னு என் ரூம்மேட்டுங்க ரெண்டு பேருக்கும் சண்டை."

ஆலங்குடி வீட்டுக் கருப்பட்டித் தோசையின் மணம் என் மூக்கில் ஏறியது. சின்ன வயதில் என் அம்மா கல்லில் மாவை ஊற்றியதுமே மாமா ஆரம்பிப்பார்.

"இது எங்க திருக்கோகர்ணத்துப் பலகாரம். என் தங்கச்சி கொண்டாந்தது."

"இங்க வந்துதான் மச்சான் கத்துக்கிட்டா" என்பார் அப்பா.

சித்தன்னவாசல் ஓவியத்திலேயே தோசை இருப்பதாக மாமா சாதிப்பார். கடைசியில் திரும்பிப் பார்த்தால் தட்டு காலி. "நீங்கதான் தின்னீங்க" என்று அடுத்த சண்டை தொடங்கும். நானும் தம்பியும் கொல்லையில் வாய் கழுவிக்கொண்டிருப்போம்.

"சண்டை தீந்துச்சாடி?" என்றேன்.

"இல்லம்மா" என்றாள் மகள், வாய் நிறைய மென்றபடி. "அப்பந்தான் தீந்துருச்சு."