கல்லறை மதிலுக்கு வெளியே

எனக்குத் தரித்த மூன்றில் ஒன்றுகூட ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் ராயபுரத்தில் எங்கள் சந்துக்கே தெரியும். நான் வலை பின்னுகிறவள். வயிற்றுப்பிள்ளைக்காரி முடிச்சுப் போட்டால் கர்ப்பப்பையிலும் முடிச்சு விழுமாம். மாமியார் என் வலை ஊசியைப் பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டார். மூன்றாம் தடவை நான் கொண்டைகூட முடியவில்லை, பேய் மாதிரித் தலைவிரித்துத் திரிந்தேன். அதுவும் கலைந்தது. திருட்டுத்தனமாக எங்கேயோ முடிச்சுப் போட்டிருப்பேன் என்றார்கள். நல்ல ஜனங்கள்!

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிய என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப்போய், மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் புதைத்துவிட்டு வருவார். வந்து கைகால் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அழுதாவது தொலையேன் மனுஷா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கர்ப்பப்பைக்கு நடுவே ஒரு தடுப்பு இறங்கியிருந்தது. பிறவியிலேயே அப்படியாம். பிள்ளை வளர இடம் போதாமல் கலைந்துவிடுகிறதாம். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். வலை பின்னியதால் வந்ததா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் மாமியார் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சந்து முழுக்கக் கேட்கட்டும் என்றே கத்திச் சொன்னேன்.

"என் மேல தப்பு இல்லயாம். இப்ப இன்னா சொல்றீங்கோ அத்தே?"

அவர் கை நின்றது.

"மூணாவது என் கைல வுழுந்தப்போ லேசா அசைஞ்சிச்சிம்மா. நாந்தான் தலைல தண்ணி ஊத்திப் பேரு வெச்சேன்."

சாகப்போகிற பிள்ளைக்கு அவசரத்தில் யாரும் இப்படித் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அப்படியானால் அது மதிலுக்கு உள்ளே கிடக்கவேண்டிய பிள்ளை. ஏன் மறைத்தீர்கள் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உசுரு இருந்திச்சா, என் கண்ணுதான் ஏமாந்திச்சான்னு எனக்கே தெர்ல. உசுரோட பொறந்திச்சின்னு சொன்னா நீ தாங்குவியா?"

அன்று சாயங்காலம் புதைத்த இடத்தைத் தேடி மூவரும் மதிலோரம் போனோம். எருக்கு இடுப்புயரம் மண்டியிருந்தது. வீட்டுக்காரர் அங்கும் இங்கும் காலால் விலக்கிப் பார்த்தார். எது மூன்றாவது என்று அவருக்கே தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மாமியார் மட்டும் மதில் நெடுக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். என் பிள்ளையின் பேரை நான் அப்போதுதான் கேட்டேன்.