அடியில் வைத்த சிவப்புப் பொட்டு

சந்தேகம் எனக்கு அம்மா வழிச் சொத்து. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை விற்பதற்கு மண்டியில் இறக்கியதும், ஒவ்வொன்றின் மூலையிலும் காவிக்கட்டியால் ஒரு கோடு இழுத்த பிறகுதான் அம்மா அங்கிருந்து நகர்வாள். இல்லாவிட்டால் மூட்டையை மாற்றிவிடுவார்களாம். ஒருநாளும் மாறியதில்லை. “கோடு போட்டதாலதான் மாறல” என்பாள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கல்லூரிக்கு விஸ்காம் படிக்கப் போய்வந்த காலம் அது. மாதக் கடைசிக்குள் பத்து போஸ்டர்கள் வடிவமைத்துக் கொடுக்க வேண்டும், தவறினால் அரியர். கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். ஸ்காலர்ஷிப்போடு மல்லாட்டைப் பணத்தையும் சேர்த்தால் இருபதாயிரம் வந்தது. அந்தப் பணத்துக்கு டிசைன் வேலை தாங்குகிற புது லேப்டாப் கிடைக்காது. பழசுதான் கதி.

விழுப்புரத்தில் பழைய லேப்டாப் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். தனியாகப் போகப் பயம். எங்கள் தெருவில் பேனர் கடை வைத்திருந்த அண்ணனைத் துணைக்குக் கூட்டிப்போனேன். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் உட்காருகிற மனிதர், ஏமாற மாட்டார் என்று கணக்கு.

“எட்டு ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்குதும்மா. பேக்கும் மவுசும் ஃப்ரீயா எடுத்துக்க” என்றார் கடைக்காரர். காரணமில்லாமல் எலி அம்மணமாக ஓடாது. கேட்காமலே பை தருகிறவர் எதை மறைக்கிறார்? திருகாணிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். திரையை வெள்ளையாக்கிக் கரும்புள்ளி தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை, அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அவர் பை எடுக்க உள்ளே போன நேரத்தில் கைப்பையிலிருந்த நெயில் பாலிஷால் லேப்டாப்பின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பணம் கட்டும்போது வேறொன்றை எடுத்து நீட்டிவிட்டால்?

அண்ணன் தன் பென் டிரைவைச் செருகினார். இருபதடி மஞ்சள் நீராட்டு விழா பேனர், அதில் நாற்பது சொந்தக்காரர்களின் முகங்கள். திக்காமல் திறந்தது. எனக்கு அப்போதே வாங்கிவிட மனம் துடித்தது. அவரோ அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

வெளியே வந்ததும் சொன்னார்: “வேணாம்மா. சூடு ஏறுது. மதர்போர்ட ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கான். மூணு மாசம் தாங்காது. நான் வேற நல்லதா பாத்துச் சொல்றேன்.”

நல்லவேளை இவரைக் கூட்டிவந்தோம் என்று பேருந்தில் நிம்மதியாக இருந்தேன். அம்மாவிடமும் புகழ்ந்து தள்ளினேன்.

இரண்டு வாரம் ஓடியும் அவரிடமிருந்து தகவல் இல்லை. அவரிடம் வாங்கிவைத்திருந்த அதே பேனரைத் திறந்து மற்ற கடைகளில் நான் பார்த்தவையெல்லாம் பாதியிலேயே நின்றுபோயின. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவர் கடையிலேயே உட்கார்ந்து போஸ்டர்களை முடிக்கலாமா என்று கேட்கப் போனேன்.

“அதுக்கென்னம்மா, தாராளமா பண்ணிக்க. புதுசா ஒண்ணு வந்துக்கீது பாரு, மச்சான் பெங்களூர்லருந்து அனுப்புனாரு” என்று மேசையைக் காட்டினார்.

அதே கறுப்பு லேப்டாப். ஆனால் அந்த மாடல் ஊரில் ஆயிரம் இருக்கும், பாவம், மனுஷனைச் சந்தேகப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் அப்படி நினைத்த ஒரே தருணம் அது. கை மட்டும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக் கவிழ்த்தேன்.

சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. முகத்துக்கு நேரே கேட்டுவிட வாய் துடித்தது. ஆனால் பத்து போஸ்டர்களும் இனி அதில்தான் முடிய வேண்டும்.

“இன்னாம்மா பாக்கற?” என்றார் அண்ணன்.

உள்ளங்கையைப் பொட்டின்மேல் வைத்தேன். “சூடு ஏறுதான்னு பாக்கறண்ணே” என்றேன்.

அவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.