கரெண்டு எழுதிய பரீட்சை

எங்கள் வீட்டில் ஆடுகளுக்குத் தமிழ், நாய்களுக்குத் தெலுங்கு. ஆடுகள் அம்மாவுடையவை. அவற்றை அம்மா கொஞ்சுவதும் திட்டுவதும் தமிழில்தான். நாய்கள் மாமாவுடையவை. அம்மாவின் தம்பி அவர், எங்கள் வீட்டோடு இருந்தார். குடுபல்லிப் பக்கத்தில் அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் நாய்களுக்கும் அந்த மொழியிலேயே கட்டளை வைத்திருந்தார். 'ரா' என்றால் வா. 'வத்து' என்றால் வேண்டாம். 'நிலுப்பு' என்றால் எதிரில் இருப்பதை நகரவிடாமல் நிறுத்தி வை. பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் புத்தகம் எடுப்பதற்கு முன்பே இந்த மூன்றும் எனக்குப் பாடம்.

காட்டோரம் வேர்க்கடலை போட்டவர்களுக்கெல்லாம் அப்போது காட்டுப்பன்றித் தொல்லை. ஒரே ராத்திரியில் ஒரு கொல்லையை உழுதுவிட்டுப் போய்விடும். உடனே மாமாவுக்கு ஆள் வரும். பன்றியைக் கொல்வது குற்றம், நாங்கள் விரட்டுவது மட்டும்தான் என்று மாமா எல்லாரிடமும் சொல்வார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குழம்பில் கிடந்தது என்ன கறி என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை சாப்பிட வந்த போதகரும் கேட்கவில்லை, இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மாமாவின் மூன்று நாய்களில் கடைசியாக வந்தது கரெண்டு. சாம்பல் நிறப் பெட்டை நாய், ஒட்டிய வயிறு, நீளமான கால்கள். எங்கள் ஊர் மின்சாரம் போலவே எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் அந்தப் பெயர். ஆனால் பன்றி வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாய்ந்து கடிக்கிற நாய் பன்றியின் கோரைப்பல்லில் கிழிபட்டுச் செத்துப்போகும். கெட்டிக்கார நாய் கடிக்காது. முன்னால் போய் நின்று, பன்றி திரும்புகிற பக்கமெல்லாம் தானும் திரும்பி, ஆட்கள் வரும்வரை குரைத்தே நிறுத்தி வைக்கும். கரெண்டு ஒன்றரை வயதிலேயே இதில் தேறிவிட்டது. மாமா அதன் பெருமையைப் பேச ஆரம்பித்தால் அவர் தட்டில் இருக்கிற களி ஆறிவிடும்.

தேறாத பாடம் ஒன்றே ஒன்று, ஆடு. வேட்டை நாயை ஆட்டோடு பழக்குவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. குட்டி போட்டிருக்கிற முரட்டுத் தாய் ஆட்டின் பக்கத்தில் நாய்க்குட்டியைக் கட்டிவிடுவார்கள். அது நாலு முட்டு முட்டும். அந்த நாய்க்கு ஆயுசுக்கும் ஆடு என்றால் பயம் வந்துவிடும். மாமாவின் மற்ற இரண்டு நாய்களும் அப்படித்தான் படித்தன. கரெண்டும் நாலு முட்டு வாங்கியது. அதைப் பத்திரமாக மனதில் வைத்திருந்து, வளர்ந்த பிறகு ஒரு நாள் பட்டிக்குள் புகுந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் பாதிக் காதைத் துண்டித்துவிட்டது.

அந்தக் குட்டி வெறும் குட்டியாக இருந்தால் அம்மா இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பாள். அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனாவுக்கு, விஷக் காய்ச்சல் வந்தபோது, அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலுக்குக் கொடுப்பதாக அம்மா நேர்ந்துவிட்ட குட்டி அது. காது அறுந்ததைக் கர்த்தருக்கு எப்படிக் கொடுப்பது? பட்டியிலேயே பெரிய கிடாவைத்தான் இனிக் கொடுக்க வேண்டும். காதைக் கடித்துக் குட்டியின் உயிரைக் காப்பாற்றியது கரெண்டுதான் என்று அம்மாவிடம் சொல்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

"ஒண்ணு என் ஆடு இருக்கணும், இல்ல உன் நாய் இருக்கணும். எதுன்னு நீயே சொல்லுடா" என்றாள் அம்மா. தெருக் குழாயடியில் வைத்துச் சொன்னாள்.

"பழக்கிட்றேன்க்கா. பன்னிக்கே பல்லு வைக்காத நாயிக்கா அது."

"பன்னின்னா அதுக்கு பயம். என் குட்டின்னா இளக்காரம்."

தடாவில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. அங்கே போனால் காலத்துக்கும் சங்கிலிதான். மாமா கெஞ்சக் கெஞ்ச, அம்மா நடக்கவே நடக்காத ஒரு நிபந்தனையைத் தேடிப் பிடித்தாள்.

"அறுப்பு பண்டிகைக்கு கோயில் வாசல்ல எத்தினி ஆடு, எத்தினி கோழி வந்து நிக்குது? அதுங்க நடுவுல கயிறு இல்லாம உன் நாய நடத்திக் காட்டு. ஒண்ணத் தொட்டாலும் மறுநாளே தடா."

குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தால் மாமா எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

பண்டிகைக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த வாரமே ஸ்ரீசிட்டியில் கம்பி கட்டுகிற வேலைக்கு அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. "பாப்பா, கட்டியே வை. வேளைக்கு களி போடு. பத்து நாள் முன்ன வந்து நானே பழக்கிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. நாயைப் பழக்குகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. எனக்கு இருந்தது சோம்பேறித்தனம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆடுகளை ஏரிக்கரைக்கு ஓட்ட வேண்டும். திரும்பி வந்து கரெண்டை நடக்கக் கூட்டிப்போய்க் களி போட வேண்டும். எதற்கு இரண்டு நடை என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். அம்மா பொழுது சாயும்வரை கடலைக் கொல்லையில் இருப்பாள், அவளுக்குத் தெரியப்போவதில்லை. நாயின் கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது. ஒரு கிடா துள்ள, கரெண்டு பாய, கருவேல முள்ளின் மேலேயே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு முழங்காலும் கிழிந்தன. விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன், அதில் பொய் இல்லை.

மறுநாள் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுக் களி உருண்டைகளோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கரெண்டு ஆடுகளையே வெறித்துக்கொண்டிருந்தது. பாய்ந்துவிடுமோ என்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தது. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு உருண்டையைப் போட்டேன். விழுங்கிவிட்டு மறுபடி ஆட்டைப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி உருண்டை. நான் செய்தது இவ்வளவுதான். நாலைந்து நாளில் அது கூப்பிடாமலே திரும்ப ஆரம்பித்தது. ஆட்டைப் பார்த்தால் உடனே என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. மூன்றாவது வாரம் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஆடுகளுக்கு நடுவே நடந்து வந்து என் காலடியில் படுத்தது. காது அறுந்த குட்டி அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. அவிழ்த்துவிட்டதற்கு அம்மா அடிப்பாள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஜெயிக்கும்போது எல்லாரும் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. அது எனக்கு இன்னும் போகவில்லை.

பத்து நாள் முன்னால் வருவதாகச் சொன்ன மாமா பண்டிகையன்று காலைப் பஸ்ஸில்தான் வந்து இறங்கினார், லீவு கிடைக்கவில்லையாம். நேராக வீட்டுக்குப் போய் நாயைக் கூட்டிக்கொண்டு ஆராதனை முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பிராணிகளைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, வாசல் கேட்டிலிருந்து கோயில் படிவரை இரண்டு வரிசையாக நிற்பார்கள். போதகர் நடுவே நடந்துபோய் ஜெபித்துவிட்டு வருவார். பிறகு ஏலம். அந்த வருஷம் போதகர் நடந்து முடித்ததும் யாரும் கலையவில்லை. அடுத்து நாய் நடக்கப்போகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நான் பாட்டுக்குழுவோடு படியில் நின்றேன். புதுக் கவுனுக்குப் பாக்கெட் இல்லை. கையில் ஒரு உருண்டைகூட இல்லை.

கேட்டில் மாமா கயிற்றைக் கழற்றினார். "ரா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கரெண்டு நாலடி வைத்தது. இரண்டு பக்கமும் ஆடுகளைக் கண்டதும் நின்றது. மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் எதையோ தேடியது. படியில் என்னைக் கண்டுபிடித்ததும் காதுகளை மடக்கிக்கொண்டு மாமாவைக் கடந்து, அத்தனை ஆடு கோழிக்கும் நடுவே நேராக ஓடிவந்து என் முன்னால் உட்கார்ந்தது. மாமா "ரா, ரா" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார். கூட்டம் சிரித்தது.

"தொடலைக்கா, பாத்தல்ல?" என்றார் மாமா.

"கூப்ட்டா வராத நாய வெச்சிக்கினு இன்னா பண்றது? இன்னிக்கி பாப்பா நின்னுகினு இருந்தா, அதால தப்பிச்சது. நாளைக்கு?" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில்தான் ஏலத்துக்காக யாரோ மைக்கைப் போட்டார்கள். அது வீல் என்று ஒரு கத்துக் கத்தியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொத்துவதற்குக் கயிற்றை விட வேண்டியிருந்தது. எங்கள் கிடா முதலில் பாய்ந்தது, அதன் பின்னால் எல்லா ஆடுகளும் கேட்டைத் தாண்டி ஓடின. வெளியே ஒரு சோளக்கொல்லை, அதைத் தாண்டினால் ரயில் பாதை. குப்பம் ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது.

மாமா பயந்துபோய் நாயைப் பார்த்து "வத்து! வத்து!" என்று கத்தினார். ஓடுகிற ஆட்டைக் கண்டால் எந்த வேட்டை நாயும் தன்னை மறந்துவிடும், அது அவருக்குத் தெரியும். கரெண்டு நடுங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தது. பன்றிக்குச் சொல்கிற கட்டளையை ஆட்டின் மேல் சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். சொல்லி, அது ஒரு கடி கடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சொல்லிவிட்டேன்.

"நிலுப்பு!"

அது போன வேகத்தில் எனக்கு அடுத்திருந்த பெண்ணின் பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். சோளக்கொல்லையின் அந்தக் கோடியில், பாதைக்குச் சற்று முன்னால், கரெண்டு ஆடுகளுக்கு முன்னே போய்த் திரும்பி நின்றுவிட்டது. இடம், வலம், இடம் என்று தாவித் தாவிக் குரைத்தது. ஆடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. எங்கள் கிடா மட்டும் தலையைக் குனிந்து ஓடிவந்து அதன் விலாவில் ஒரே முட்டு முட்டியது. கரெண்டு இரண்டு புரள் புரண்டது. எழுந்தது. வாய் கிடாவின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கடிக்கவில்லை. மறுபடி முன்னால் போய் நின்று குரைத்தது. அதன் பின்னால் ரயில் போய்க்கொண்டே இருந்தது.

அம்மா மூச்சு வாங்க வந்தாள். கிடாவின் கொம்பை ஒரு கையால் பிடித்தாள். இன்னொரு கையால் கரெண்டின் உதட்டைத் தூக்கிப் பல் இடுக்குகளில் விரல் விட்டுப் பார்த்தாள். திருட்டுத்தனமாக ஆட்டைக் கடித்த நாயை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள், ரோமம் சிக்கியிருக்கும்.

"ஒரு முடி கூட இல்ல" என்றாள். அப்புறம் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "இத போய் தடாவுக்கு அனுப்புறேன்னு எவன் சொன்னது?" என்று அதட்டினாள். சொன்னவளே அவள்தான்.

அன்றைய தினம் நான் மகாராணி. கோயிலுக்குத் திரும்பி வருகிறபோது ஏரிக்கரை, களி உருண்டை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கவே இல்லை. போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்போதும் பேசாத நைனா, "எம்பொண்ணு" என்று மூன்று பேரிடம் சொன்னார். மாமா நாய்க் கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்து, "இந்தா பாப்பா, இனிமே உன்னுதுதான்" என்றார். எனக்குச் சொந்தமாக ஒரு வேட்டை நாய்! குதித்தேன்.

மாமா நாலு நாள் தங்குவதாகச் சொல்லித்தான் வந்திருந்தார். மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டார். நானும் கரெண்டும் வாசலில் நின்றோம். தெருவில் கொஞ்ச தூரம் போனவர் திரும்பி நின்று, மெதுவாக, "ரா" என்றார்.

கரெண்டு வாலை ஆட்டியது. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தது.

நான் வாயெல்லாம் பல்லாக மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஏன் அவ்வளவு அவசரமாகப் போனார் என்பதுதான் தெரியவில்லை.