மச்சான் வரி கட்டாத கதை

போன கிழமை மச்சான் வீட்டில் பிரியாணி. என்ன விசேஷம் என்று கேட்டால்... காணி விற்றதற்கு ஒரு சதம்கூட வரி கட்டவில்லையாம்!

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். சாய்ந்தமருதில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மெயின் ரோட்டோரம் ஒரு துண்டுக் காணி வாங்கிப் போட்டிருந்தார். அதை நல்ல விலைக்கு விற்று மகளின் வீட்டை முடிக்க வேண்டும். சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருவார்? வீடு முடியாமல் கல்யாணம் ஏது?

அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது – காணி விற்று வரும் இலாபத்துக்கான வரி அடுத்த மாதம் கூடுகிறது.

"வெயில்ல காஞ்சு சேர்த்த காணி! லாபத்தில அவங்களுக்குப் பங்கா? இந்த மாசத்துக்குள்ள வித்துப் போடணும்!" என்று குதித்தார் மச்சான்.

நல்ல யோசனைதான். என்ன, அதே யோசனை ஊரில் எல்லோருக்கும் வந்துவிட்டது. வேலிக்கு வேலி 'காணி விற்பனைக்கு' பலகை. வாங்கத்தான் ஆளில்லை.

கடைசியில் சம்மாந்துறையிலிருந்து ஒரு நெல் ஆலை முதலாளி வந்தார். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். "எனக்கு அவசரமில்ல காக்கா. அடுத்த மாசம் கதைப்பமே..."

அடுத்த மாதமா! மச்சான் விலையைக் குறைத்தார். முதலாளி இன்னொரு பிளேன்டீ கேட்டார். மச்சான் இன்னும் குறைத்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்; உறைத்ததாகத் தெரியவில்லை. வாங்கிய விலைக்கே விற்றுவிட்டார்.

இலாபமே இல்லை. பிறகெங்கே வரி?

வரி என்று காதில் விழுந்தால் நமக்கெல்லாம் மூளைக்கு முன்னே கால் ஓடிவிடுகிறது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ராத்தாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

பிரியாணி பரப்பிய பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு சதம் குடுக்கல்ல!" என்றார் மச்சான், பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளியபடி.

குசினி வாசலில் ராத்தா நின்றிருந்தார். "ஓம், அரசாங்கத்துக்குக் குடுக்கல்ல. முழு லாபத்தையும் முதலாளிக்குக் குடுத்திட்டீங்க. கையில வந்த காசு கதவு ஜன்னலுக்குத்தான் காணும். கூரைக்கு எங்க போற?"

மச்சான் மெல்லுவதை நிறுத்தினார். "இப்ப என்ன செய்யிற?"

"கல்யாணம் மாரி மழைக்குள்ளதானே? வரிக் காசு மிச்சம்தானே இரிக்கி... மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய குடை வாங்குங்க!"